அலமாரிக்குள் அம்மா

வாலுவின் அம்மா அலமாரிக்குள் உட்கார்ந்துதான் வேலை பார்ப்பார்.

சிரிக்க வேண்டாம், உண்மைதான். கண் தெரியாத பிள்ளைகளுக்காகக் கதைப் புத்தகங்களைப் படித்துக் குரலில் பதிவு செய்வது அம்மாவின் வேலை. துணிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டால் தெருச் சத்தம் மைக்கில் விழாது. லேப்டாப் வெளியே மேசையில் இருக்கும். உள்ளிருந்து கதவைத் தட்டினால் பதிவை நிறுத்த வேண்டும். அது வாலுவின் வேலை.

லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது. அம்மா "யானை குளத்தில் இறங்கியது" என்று படித்தால், அது "யா... குள... யது" என்று பதிவு செய்து வைக்கும். அம்மா மறுபடி முதலிலிருந்து படிப்பார். படித்துப் படித்து அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"இனிமே தள்ளிப்போட முடியாது, புதுசு வாங்கிடலாம்," என்றார் அம்மா. "அதே விலைக்கு ப்ராசசரைப் பெருசா போடலாமாம், இல்லேன்னா கிராபிக்ஸ் கார்டைப் பெருசா போடலாமாம். ரெண்டும் வேணும்னா நம்மால முடியாது. எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியல. உனக்குத்தான் தெரியுமே வாலு, எது வேணும்?"

வாலுவுக்குத் தெரியும். ப்ராசசர்தான் லேப்டாப்பின் மூளை. சொல்லும் வேலையை எல்லாம் அது செய்யும். கிராபிக்ஸ் கார்டு திரையில் படங்களை வரையும். பக்கத்து வீட்டுத் தோழியின் லேப்டாப்பில் பெரிய கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. அதில் கார் பந்தயம் ஆடினால் மழை பெய்யும், கண்ணாடியில் துளிகள் வழிந்தோடும். வாலுவின் வீட்டு லேப்டாப்பில் அதே பந்தயத்துக்கு வானம் வெறும் வெள்ளைத் தாள். அந்த மழையைப் பற்றி அவள் அம்மாவிடம் காது புளிக்கச் சொல்லியிருக்கிறாள்.

"கிராபிக்ஸ்தாம்மா," என்றாள் வாலு.

"அப்ப சரி."

ஏன், எதற்கு என்று அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் வாலுவுக்கு என்னவோ போல இருந்தது. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மாலையில் அம்மா அலமாரிக்குள் போனார். லேப்டாப்பில் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஏறி இறங்கும் கோடுகளாகக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. கிராபிக்ஸ் பாவம் எப்படித் திணறுகிறது என்று பார்த்துவிட்டால் மனசு கொஞ்சம் சமாதானமாகும் என்று நினைத்து வாலு அதைத் திறந்தாள்.

அம்மா படிக்கத் தொடங்கியதும் ப்ராசசரின் கோடு விறுவிறுவென்று ஏறி உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது. கிராபிக்ஸின் கோடோ கீழே காலை நீட்டிப் படுத்திருந்தது.

"ஏய், எழுந்திரு," என்று வாலு கிசுகிசுத்தாள். அது புரண்டுகூடப் படுக்கவில்லை.

அம்மா புத்தகத்தில் இருந்த ஒரு படத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். படம் பார்க்க முடியாத பிள்ளைகளுக்கு அதையும் சொல்ல வேண்டுமே.

"இந்தப் பக்கத்துல ஒரு எறும்பு. தன்னைவிடப் பெரிய இலையைக் குடை மாதிரி பிடிச்சிருக்கு. இலை நுனியில ஒரு சொட்டுத் தண்ணி. இதோ, விழப்போகுது..."

வாலுவுக்கு எறும்பு தெரிந்தது. அந்தச் சொட்டும் தெரிந்தது.

கதவு தட்டப்பட்டது. வாலு பதிவைப் போட்டுக் காட்டினாள். "எறு... குடை... போகுது," என்றது லேப்டாப்.

அம்மா வெளியே எட்டிப் பார்த்தார். ஒரு சட்டையின் கை அவர் தலையில் தொங்கியது. "பரவால்ல, இன்னொரு தடவை படிக்கறேன்," என்றார். குரலில் பாதி வெறும் காற்றாகத்தான் வந்தது. வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி உள்ளே போனார். வாலுவுக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் கடையில், மகள் கிராபிக்ஸைத்தான் பெரிதாகக் கேட்கிறாள் என்று அம்மா சொன்னதுமே கடைக்காரர் ஒரு லேப்டாப்பைத் திருப்பி வைத்தார். "உங்க பொண்ணு விவரமானவ. படமெல்லாம் இதுல எப்படி வருதுன்னு பாருங்க."

திரையில் கார் ஓடியது. மழை பெய்தது. வாலு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, எங்களுக்கு ப்ராசசரைப் பெருசா போட்டுக் குடுங்க."

அம்மா திரும்பினார். "நேத்து கிராபிக்ஸ்னு சொன்னியே?"

"நேத்து நான் மனசுக்குள்ள கார் ஓட்டிட்டே பதில் சொல்லிட்டேன்மா. நீ கதை படிச்சுப் பதிவு பண்றப்ப கிராபிக்ஸ் சும்மாதான் படுத்திருக்கு. ப்ராசசர்தான் மூச்சு வாங்குது. நானே பார்த்தேன்."

"குரல் பதிவு பண்ணவா கேட்டீங்க?" என்றார் கடைக்காரர். "அப்ப பாப்பா சொல்றதுதான் சரி. முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லையே," என்றார் அம்மா. பிறகு குனிந்து வாலுவின் காதில், "உன் மழை?" என்றார்.

"பரவால்ல," என்றாள் வாலு. திரையில் பெய்த மழைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

புது லேப்டாப் வந்த அன்று அம்மா எறும்புக் கதையை ஒரே மூச்சில் படித்து முடித்தார். வாலு போட்டுக் கேட்டாள்.

"அம்மா, ஒரு எழுத்தைக்கூட முழுங்கல."

"அப்ப எனக்கு லீவு. நீ போய் விளையாடு."

வாலு பந்தயத்தைத் திறந்தாள். கார் முன்பைவிட நன்றாகவே ஓடியது. வானம் மட்டும் அதே வெள்ளைத் தாள்.

அலமாரிக் கதவு கொஞ்சம் திறந்தது. சட்டைகளுக்கு நடுவிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, பதிவுக்குப் படிக்கும் அதே குரல்.

"வானம் கறுத்துடுச்சு. முதல் துளி கண்ணாடியில பட்டுன்னு விழுது. இதோ, இன்னொண்ணு. இப்ப சடசடன்னு பிடிச்சிடுச்சு. ரோடெல்லாம் வழுக்குது. வளைவு வருது வாலு, பார்த்து..."

வாலு சட்டென்று பிரேக்கை அழுத்தினாள். கண்ணாடி முழுக்க அவளுக்குத் தண்ணீர்.

"அம்மா, வைப்பர் போடவா?"

"போடு, போடு. இப்போதைக்கு விடாது போல இருக்கு."