முடிக்குக் கிடைத்த டம்ளர்

மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்த அறையில் சீப்பில் மட்டும் எண்ணெய் காயாமல் இருந்தது.

ஜன்னல் திட்டிலிருந்து அதை எடுத்தபோது பரிபூரணத்தின் விரலில் வழுவழுவென்று ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். வெந்தயம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய். அதற்கு அடியில், வருஷக்கணக்காகத் துவைக்காத தலையணை உறையின் வாடை. சீப்பைக் குப்பைச் சாக்குக்குள் எறிந்துவிட்டு விரலைப் புடவையில் துடைத்தாள். பிறகு புடவையும் நாறியது.

அறை அவள் கணவன் பொன்னுராஜின் அக்கா முத்தாத்தாளுடையது. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, தம்பி வீட்டுக்கு வந்தவள். மூன்று மாதத்துக்கு முன் சாகும்வரை முப்பது வருஷம் இந்தப் பின்னறையில் இருந்தாள். ஒரு குண்டூசியைக்கூட வெளியே எறிய விடமாட்டாள். தீர்ந்துபோன மாத்திரை அட்டைகள், வாரறுந்த செருப்புகள், வெற்றிலைச் சாறு கறுத்துப்போன துணிகள் என்று கையை வைத்த இடமெல்லாம் அழுக்கு. இன்றைக்கு எப்படியும் அத்தனையையும் ஒழித்தாக வேண்டும். சாயங்காலம் மகள் பாண்டிசெல்வி மம்சாபுரத்திலிருந்து தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். ஒன்பதாவது மாதம். வீட்டில் தாயும் பிள்ளையும் படுக்க வேறு அறை கிடையாது.

பொன்னுராஜ் மில்லுக்குப் போயிருந்தார். பரிபூரணம் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் குனிந்து பால்கோவா அட்டைப்பெட்டிகளை இழுத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு யார் போய் வந்தாலும் பெட்டி காலியானதும் முத்தாத்தாளுக்குத்தான் போகும். முதல் பெட்டியைத் திறந்ததும் கையை உதறினாள். செத்த எலிக்குஞ்சுகள் என்று நினைத்துவிட்டாள்.

முடி. விரலில் சுற்றிச் சுற்றி எடுத்த சின்னச் சின்ன உருண்டைகள். முத்தாத்தாள் தலைவாரி முடித்ததும் செத்த நேரம் அப்படியே உட்கார்ந்து, சீப்பில் வந்த முடியை ஆள்காட்டி விரலில் சுருட்டிக்கொண்டிருப்பாள். அவள் முடி மட்டுமல்ல. மருதாணிச் சிவப்பில் பரிபூரணத்தின் முடி ஒரு பெட்டியில். செல்வியின் முடி இரண்டு பெட்டிகளில். குளியலறைச் சல்லடையில் அடைத்ததைக்கூட நோண்டி எடுத்து வைத்திருந்தாள். சோப்புக் கசடு அதில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. உருண்டைகளின் இடுக்கில் ஈர் பொரிந்த கூடுகள்.

தெருவில் முடி வாங்குகிறவன் குரல் கேட்டால் அவள் ஜன்னலைச் சாத்திவிடுவாள். "மேலுல முளைச்சதுட்டி, பூரணம். அத எவன் கையிலயாவது குடுக்கலாமா?" என்பாள்.

ஆணியில் அந்த மஞ்சள் பை தொங்கியது. காலையிலிருந்து பரிபூரணம் அந்தப் பக்கம் பார்க்காமலே வேலை செய்துகொண்டிருந்தாள்.

கடைசி மாதங்களில் முத்தாத்தாள் படுக்கையில் கிடந்தாள். தலை சடை விழுந்து, தலையணையில் பேன் ஊர்ந்தது. சோறு ஊட்டும்போது கையில் ஏறியது. ஒருநாள் பொறுக்க முடியாமல் பரிபூரணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பின்னலை அடியோடு கத்திரித்து அந்த மஞ்சள் பையில் போட்டுவிட்டாள். முத்தாத்தாள் மண்டையைத் தடவிப் பார்த்தாள். அழவில்லை.

"என்னையக் கொண்டுபோவும்போது இதையும் எங்கூடப் போட்டுரு. சத்தியம் பண்ணு."

"போடுதேன் மைனி."

போடவில்லை. சாவு வீட்டு அமளியில் மறந்துவிட்டதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறக்கவெல்லாம் இல்லை. தொட அருவருப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது பையை இறக்கினாள். கனத்தது. வாயை விரித்துப் பார்த்தாள். வெட்டியபோது பின்னல் ஒரு முழம்கூட இருக்காது. இப்போது பை நிறைய மடிந்து மடிந்து கிடந்தது. வெட்டிய முனையில் எண்ணெய் மினுங்கியது.

அந்த நேரத்தில்தான் தெருமுனையில் ஸ்பீக்கர் கத்தியது. "தலைமுடி... தலைமுடிக்குப் பாத்திரம்..."

குப்பை வண்டி நாளைக் காலையில்தான் வரும். அதுவரைக்கும் இதை வீட்டில் வைத்திருக்க அவளால் முடியாது. பெட்டிகளையும் பையையும் ஒரே சாக்கில் திணித்து வாசலுக்கு ஓடினாள்.

முடி வாங்குகிறவன் பைக்கை நிறுத்திவிட்டுச் சாக்குக்குள் கையை விட்டான். உடனே வெளியே எடுத்தான்.

"அக்கா, இப்பத்தான் வெட்டுனதா? சூடா இருக்கு."

"வெயில்ல வச்சிருந்தேன்ப்பா."

அவன் கையை முகர்ந்து பேண்ட்டில் தேய்த்துக்கொண்டான். தராசை எடுக்கவே இல்லை. கைக்கு வந்த ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். பரிபூரணத்துக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. பீடையும் தொலைந்தது, புது டம்ளரும் வந்தது. வாய்விட்டுச் சிரித்தாள்.

இரண்டு பாட்டில் பினாயில் ஊற்றி அறையைக் கழுவினாள். டம்ளரைப் புளி போட்டு மூன்று தரம் விளக்கினாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மருமகன் சதீஷ் செல்வியை வாசலில் இறக்கிவிட்டுப் போனான். வயிறு நன்றாக இறங்கியிருந்தது. கால் வீங்கியிருந்தது. அறையைச் சுற்றிப் பார்த்து, "எம்புட்டுச் சுத்தமா இருக்கும்மா. அத்தை ரூம்தானா இது?" என்று கேட்டாள். பரிபூரணத்துக்குப் பெருமை தாங்கவில்லை. பனங்கற்கண்டு போட்டுப் பால் காய்ச்சி, புது டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். பசியோ என்னவோ, செல்வி ஒரே மூச்சில் குடித்தாள்.

பிறகு முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, பால்ல முடி கெடந்துச்சா? தொண்டையில நிக்கி."

"சுத்தமா வடிகட்டுனேனேட்டி."

டம்ளரை வாங்கிப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. விரலால் தடவினாள். வழுவழுவென்றிருந்தது. வெந்தய வாடை.

செல்வி இருமினாள். ஓங்கரித்தாள். கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து காட்டினாள். நாக்கின் மேல் ஒரு நரைமுடி, எச்சிலில் நனைந்து கிடந்தது.

"அசையாத. எடுத்துருதேன்."

இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். வந்தது. மறுபடி இழுத்தாள். மறுபடி வந்தது. ஒற்றை முடி பத்து முடியானது. பத்தும் கற்றையானது. கோழையும் பாலும் வழிந்தன. ஒரு முழம். இரண்டு முழம். கையெல்லாம் எண்ணெய்.

கற்றை மூன்றாகப் பிரிந்து பின்னியிருந்தது.

செல்வியின் கண்கள் பிதுங்கின. பேச முடியவில்லை. கையால் வயிற்றைக் காட்டினாள்.

பரிபூரணம் இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள்.

உள்ளேயிருந்து திருப்பி இழுத்தது.

பிடித்துக்கொண்டாள். வழுக்கியது. பின்னல் அவள் விரல்களுக்கு நடுவே நழுவி, அங்குலம் அங்குலமாக, மகளின் வாய்க்குள் திரும்பிப் போனது.

நைட்டிக்கு அடியில், தொப்புளுக்குப் பக்கத்தில், தோல் சிறு மேடாக எழும்பியது. ஒரு விரல் அகலம். அது அவசரமில்லாமல் வட்டம் போட்டது. சுற்றிச் சுற்றி. சுருட்டிச் சுருட்டி.