இரண்டாவது மூச்சு

சாயங்காலம் நாலரை ஆனால், சூசைமாணிக்கம் தன் மனைவியின் வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஜன்னலுக்கு உள்ளே பிரகாசி. அவர் கொண்டுவந்து நறுக்கும் அவரைக்காய் கம்பி வழியே உள்ளே போகும். அவள் போட்ட டீ கம்பி வழியே வெளியே வரும். பக்கத்தில் வாசல் கதவு திறந்தேதான் கிடக்கும். ஆறு வருடமாக அவர் அந்தப் படியை மிதித்ததில்லை.

சண்டை எதுவும் இல்லை. நிலைப்படிக்கு மேலே, கட்டைவிரல் பருமனில் வெள்ளையாக ஒரு மூச்சுமானி இருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்குள் எத்தனை பெரியவர்கள் மூச்சுவிடுகிறார்கள் என்று அது ஓயாமல் எண்ணும்.

தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களில் உப்பு வாரும் தானியங்கி எந்திரங்கள் இறங்கியபோது, அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஒரே மாதத்தில் வேலை போயிற்று. ஆதரவு வாரியம் அரிசி, மின்சாரம், மருந்து எல்லாம் கொடுத்தது. ஆனால் தனியாக வாழ்கிறவருக்கே முழுப் பங்கு. கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், ஒருவருக்கொருவர் ஆதரவு என்று பங்கு குறைந்துவிடும். தனித்த தாயின் பிள்ளைக்குக் கல்லூரி விடுதியும் உண்டு. இருவரும் சேர்ந்தே எட்டு மாதம் ஒப்பேற்றிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் பதினோரு வயது அமலி மயங்கி விழுந்த அன்றைக்கு, சூசைமாணிக்கம் இரண்டு வேட்டியை எடுத்துக்கொண்டு வாரியத்தின் ஆண்கள் குடிலுக்குப் போய்விட்டார்.

இப்போது அந்தத் தெருவில் நாற்பது வீடு. அதில் முப்பத்தொரு வீட்டில் பெண்கள் 'தனியாக' இருந்தார்கள். சாயங்காலமானால் ஜன்னலுக்கு ஒரு ஆண் உட்கார்ந்திருப்பார்.

வாரியம் ஓர் ஆய்வு நடத்தி, கணவன் இல்லாத வீடுகளில்தான் வறுமை அதிகம் என்று கண்டுபிடித்தது. குடும்பங்கள் உடைவதே வறுமைக்குக் காரணம் என்று முடிவு கட்டியது. அதனால் வெள்ளிதோறும் பெண்களுக்குக் குடும்ப ஒற்றுமை வகுப்பு. போகாவிட்டால் மருந்து வராது.

"இன்னைக்கு என்ன பாடம் தெரியுமா? புருஷன்கிட்ட அன்பா பேசணுமாம்" என்றாள் பிரகாசி.

"பேசேன், கேப்போம்."

"போங்க. காயை நறுக்குங்க முதல்ல."

அவர் சிரித்துக்கொண்டே நறுக்கினார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவளும் சிரித்தாள்.

ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஜன்னலில் பிரகாசி இல்லை. எட்டிப் பார்த்தார். தரையில் பாய்கூட விரிக்காமல் சுருண்டு கிடந்தாள்.

"ஏ பிரகாசி!"

"காய்ச்சல்தான். நீங்க வராதீய" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "அமலிக்குக் காலேஜ் விடுதி போயிரும்."

வாரியத்துக்குச் செய்தி கொடுத்தார். மருத்துவ ட்ரோன் நாளைக் காலையில் வரும் என்று பதில் வந்தது. அவர் ஸ்டூலை விட்டு எழுந்து, திறந்தே கிடந்த கதவின் வழியாக உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து இனிமையான பெண் குரல் சொன்னது: "இரண்டாவது மூச்சு பதிவாகிறது."

"பதியட்டும்" என்றார் சூசைமாணிக்கம்.

ஈரத்துணி போட்டார், கஞ்சி வைத்தார். காலையில் ட்ரோன் மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனது. மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்து, பிரகாசி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபோது, அவர் அடுப்புக்கும் குடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். எப்போது வந்தது இந்த நடை? அவள் ஜன்னலுக்கு வருமுன்பே அவர் உட்கார்ந்திருப்பார், அவள் உள்ளே போன பிறகே எழுந்திருப்பார். அவள் கண்டது நெஞ்சுக்கு மேல்தான்.

"கால்ல என்ன?"

"அது ஆச்சு, ரெண்டு வருஷம். குடில் படியில வழுக்குச்சு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"உக்காந்திருக்கவனுக்குக் கால் எதுக்கு?"

அவள் அந்தக் காலை நோக்கிக் கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து வாசலில் வாரியத்தின் ஆய்வாளர் வந்து நின்றாள். நிலவழகி என்று பெயர். முப்பது வயதுகூட இருக்காது. கையில் பதிவுப் பலகை.

"இவர் உங்களுக்கு யாரும்மா?" என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சொந்தக்காரர், காய்ச்சலுக்குப் பார்த்துக்க வந்தார்னு சொல்லுங்க. மூணு நாளுக்கு அனுமதி இருக்கு. நான் எழுதிட்டுப் போயிடுறேன்."

நல்ல பெண்தான். சூசைமாணிக்கம் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே புறப்படத் தயாராக நின்றார். ஆறு வருடமாக இந்தக் கேள்விக்குப் பிரகாசி சொன்ன பதில் 'தெரிஞ்சவர்'.

"எங்க வீட்டுக்காரரு" என்றாள். "எங்கூடத்தான் இருக்காரு. இனியும் இருப்பாரு."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"ஆறு வருஷமா யோசிச்சாச்சு தாயி."

நிலவழகி அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பதிந்தாள். 'சேர்ந்ததற்கான காரணம்' என்ற இடத்தைப் பலகை தானே நிரப்பிக்கொண்டது: குடும்ப ஒற்றுமை வகுப்பின் வெற்றி. அதை அவள் அழிக்கப் பார்த்தாள், அழியவில்லை.

அடுத்த வாரம் அரிசி குறைந்து வந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விடுதியைக் காலி செய்துகொண்டு அமலி வந்து இறங்கினாள். பெட்டியை வாசலிலேயே தொப்பென்று வைத்தாள்.

"இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்திருக்கக் கூடாதாம்மா? இனி தினம் ரெண்டு பஸ் மாறிப் போகணும். அதுவாவது தெரியுமா உனக்கு?"

"தெரியும்" என்றாள் பிரகாசி. "திட்டு. ஆனா மெதுவா திட்டு. அப்பா தூங்குதாரு."

அப்போதுதான் அமலிக்கு உள்ளேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. கரகரவென்று ஏறி, நின்று, விசிலாக இறங்கியது.

"என்னம்மா அது?"

"குறட்டை."

"அப்பா குறட்டை விடுவாரா?"

பிரகாசி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வயதுவரை அதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு அது மறந்தே போயிருந்தது.

அமலி செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போனாள். வாயைத் திறந்தபடி, ஒரு கையைத் தலைக்குக் கொடுத்துப் படுத்திருந்த தகப்பனின் பக்கத்தில், சுவரோரமாக உட்கார்ந்தாள். கோபம் முகத்தில் இன்னும் இருந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, அவர் விழிக்கும்வரை அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.