வீரகேசரியின் மூச்சு

வெள்ளாற்றின் வடகரையில் அந்திச் செவ்வானம் மெல்ல மெல்ல அணைந்துகொண்டிருந்தது. நாணற்பூக்களைத் தடவி வந்த இளங்காற்று, கரையோரம் நின்ற பாசறைக் கொடிகளை அசைத்துவிட்டு, அடுப்புப் புகையையும் குதிரைச் சாணத்தின் வாடையையும் ஒன்றாகக் குழைத்து நீர்ப்பரப்பின் மேல் விரித்தது. கிழக்கே எழுந்த முழுமதி தென்கரையில் நாவற்கோட்டை மதிலுக்கு வெள்ளி பூசத் தொடங்கியிருந்தது. மறுநாள் விடியலில் அந்தக் கோட்டையைத் தாக்குவதாக ஏற்பாடு.

இவ்வளவு அழகையும் ஏறெடுத்தும் பாராமல் நின்றான் படைத்தலைவன் எழினிப் பல்லவரையன். அவனுடைய வெறுப்பு முழுவதும் எதிரே நின்ற தன் குதிரை மீதே இருந்தது.

வாசக அன்பர்களே! வீரகேசரி என்ற பெயரைக் கேட்டு ஏதோ பாயும் சிங்கம் என்று எண்ணி ஏமாற வேண்டாம். சென்ற ஆண்டுப் போரில் நாவற்கோட்டைத் தலைவர் மாண்டபோது, அவருடைய லாயத்திலிருந்து எழினி கவர்ந்து வந்த புரவி அது. கொள்ளில் ஒரு சிறு கல் கிடந்தால் போதும், தொட்டியையே கவிழ்த்துவிடும். போர்முரசு முழங்கினால் கொட்டாவி விடும். எழினி அருகில் வந்தால் பின்புறத்தைத் திருப்பிக்கொள்ளும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் ஆளோடு படுத்துவிடும். எல்லாவற்றிலும் கேடுகெட்ட குணம் ஒன்று உண்டு. சேணவாரை இறுக்கும்போது மூச்சை அடக்கி வயிற்றை உப்பிக்கொள்ளும். ஆள் ஏறியதும் மூச்சை விடும். வார் தொளதொளத்துச் சேணமும் ஆளும் சேர்ந்து சரிவார்கள். பலமுறை மண்ணைக் கவ்விய பிறகே எழினி இந்தப் பித்தலாட்டத்தைக் கண்டுகொண்டான். அன்றுமுதல் அதன் வயிற்றில் முழங்காலால் ஓர் இடி இடித்துவிட்டுத்தான் வாரை இறுக்குவான். பாசறைக்கு வரும் அயலாருக்கு மட்டும் அந்த ரகசியத்தைச் சொல்வதில்லை. அவர்கள் குப்புற விழுவதைப் பார்த்துச் சிரிப்பது அவனுக்கும் வீரர்களுக்கும் மாலைநேரப் பொழுதுபோக்கு.

இன்று அகப்பட்டவன், மாற்றுக் குதிரை தருவதாக வந்திருந்த ஓர் இளம் குதிரைச் செட்டி. மீசை அரும்பாத முகம், பெரிய தலைப்பாகை.

"இவ்வளவு அழகான புரவியைத் தள்ளிவிடத் துடிப்பது ஏனோ, தளபதியாரே?" என்றான் செட்டி.

"அழகாம் அழகு! ஓய், இது புரவி அல்ல, பூர்வஜன்ம வினை! நாளை விடியலில் கரடித்துறையில் மார்பளவு நீரில் இதை இழுத்துக்கொண்டு நான் எப்படி ஐயா ஆற்றைக் கடப்பது?"

ஆற்றில் துறைகள் மூன்று. எந்தத் துறையில் படை கடக்கும் என்பது மன்னருக்கும் எழினிக்கும் மட்டுமே தெரிந்த மந்தணம். கோட்டைக்குள் இருந்தவர்களுக்கோ ஒரு துறையைக் காக்கத்தான் ஆள் இருந்தது. குதிரை மேலிருந்த எரிச்சலில் எழினி என்ன சொல்லிவிட்டான் என்பதை அவனே உணரவில்லை.

"ஏறிப் பார்த்துத்தான் விலை சொல்ல முடியும்" என்றான் செட்டி பணிவாக.

"தாராளமாக ஏறும்! சேணத்தையும் நீரே கட்டும்!"

வீரர்கள் கூடிவிட்டார்கள். செட்டி வாரை இழுத்தான். குதிரை வயிற்றை உப்பிக்கொண்டது. எழினி மீசையை முறுக்கியபடி அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தான். ஆனால் செட்டி ஏறவில்லை. குதிரையின் தாடைக்கடியில் விரலை விட்டுச் சொறிந்தபடி, "தும்பி, போதுமடா உன் கள்ளத்தனம்" என்று அதன் காதருகே சொன்னான்.

குதிரை புஸ்ஸென்று மூச்சு விட்டது. செட்டி வாரை மேலும் இரண்டு துளை இறுக்கினான்.

எழினி மீசையிலிருந்து கையை எடுத்தான். "அந்த வித்தை உமக்கு எப்படித் தெரியும்? யார் நீர்?"

அதற்குள் செட்டி சேணத்தில் இருந்தான். எழினிக்கு மட்டும் கேட்கும்படி குனிந்து பேசிய குரலில் பழைய பணிவு இல்லை.

"இந்தத் தும்பி குட்டியாக இருந்தபோது என் கையால் வெல்லம் தின்று வளர்ந்தது, பல்லவரையரே. நாவற்கோட்டைத் தலைவரின் மகள் வரகுணவல்லி நான்! தந்தையைத் திருப்பித் தர உம்மால் ஆகாது. குதிரையை நானே எடுத்துக்கொள்கிறேன். இதன் மேல் அமர்ந்து நாளை கரடித்துறையில் உம்மை வரவேற்பேன். இது என் தந்தை மேல் ஆணை!"

"எய்யுங்கள்!" என்று அலறினான் எழினி. அம்பை எடுக்க ஒருவனுக்கும் கை எழவில்லை. குதிரை பாய்ந்ததைக் கண்டு, இதோ விழப்போகிறான், இதோ விழப்போகிறான் என்று விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள் அவர்கள்.

ஆற்றங்கரையில் அது எப்படியும் நின்றுவிடும் என்று நம்பி எழினி ஓடினான். அது நிற்கவில்லை. முழங்கால் நனைந்தது, மார்பு நனைந்தது. பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டு அன்னம்போல் நீந்தியது. எழினியும் இரும்புக் கவசத்தோடு நீரில் இறங்கினான். தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் மேலே போக முடியாமல் நின்றுவிட்டான்.

அக்கரை மணலில் ஏறிய வீரகேசரி நிலவொளியில் உடலைச் சிலிர்த்து நீரை உதறியது. பிறகு வழக்கம்போல் அவனுக்குத் தன் பின்புறத்தைத் திருப்பிக்கொண்டது.