பச்சைக்காரருக்கு வராத நோய்

வேலைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கழுத்தைக் காட்ட வேண்டும். தூத்துக்குடியில் கடல் உள்ளே வந்த பிறகு கட்டிய அடுக்ககம் எங்களுடையது. ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு நாடிப்பலகை மாட்டியிருக்கிறார்கள். தாடையைத் தூக்கிக் கழுத்தை அதன்மேல் ஒட்டவைத்தால் போதும், ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்திருக்கிறதா, இதயம் தாளம் தப்புகிறதா என்று பார்த்து நிறம் சொல்லும். பச்சை என்றால் லிஃப்ட் திறக்கும். சிவப்பு என்றால் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

அன்று என் கணவர் இஞ்ஞாசிக்குப் பச்சை. எனக்கும் பச்சை. இருவரும் உப்புநீர் ஆலையில் ஒரே ஷிஃப்ட். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று வீட்டுக்குள் திரும்பினோம். இடியாப்பத்தைப் பிட்ட அவருடைய வலது கை அப்படியே தட்டில் விழுந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வாயாடி மனுசன் அவர், அவர் பேச்சை நிறுத்த நான் சண்டை போட வேண்டியிருக்கும். இப்போது "ப்பி... ப்பி..." என்று என் பெயரின் முதல் எழுத்திலேயே சிக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் கத்திய கத்தலில் மாடியே திரண்டு வந்தது. வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவரைத் தூக்கிக்கொண்டு பலகையிடம் ஓடினார்கள். எங்கள் ஊரில் யார் மயங்கி விழுந்தாலும் அதுதான் வழக்கம். நானும் கூடவே ஓடினேன். தொங்கிய தலையை இருவர் பிடித்து நிமிர்த்திக் கழுத்தை ஒட்டவைத்தார்கள். பச்சை விழுந்தது.

"ஒண்ணுமில்ல பிலோமி, பச்சைதான்" என்று எல்லாருக்கும் நிம்மதி. "படுக்கப் போடு, அசதியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, திறந்த லிஃப்டில் இரண்டு பேர் வேலைக்கே போய்விட்டார்கள்.

நான் உயிர்வண்டிக்கு அழைத்தேன். எந்திரக் குரல் எடுத்தது. "நோயாளியின் இன்றைய நிறம் பச்சை. பச்சை நிறத்தவருக்கு மூளை அடைப்பு ஏற்படாது. ஓய்வு கொடுங்கள்."

"ஒரு பக்கம் வெளங்கல, பேச்சு வரல. கண்ணால பாத்துச் சொல்லுதேன்!"

"பச்சை நிறத்தவருக்கு மூளை அடைப்பு ஏற்படாது" என்றது மறுபடியும். நான் அதற்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பலகை வந்த புதிதில் நல்லதுதான் செய்தது. சிவப்பு விழுந்தவர்களுக்கு ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். கையில் ஒரு வளையம் மாட்டினார்கள், அதை அழுத்தினால் உயிர்வண்டி பறந்து வரும். பக்கவாதத்தில் விழுகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அதோடு நின்றிருக்கலாம். நம் ஆட்களுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பக்கவாதத்தை ஒழித்துவிட்டோம் என்று விழா எடுத்தார்கள், பச்சைக்காரருக்கு வராது என்று சட்டம் போட்டார்கள், மூளைக்குழாயில் நுழைந்து ரத்தக்கட்டியை உருவி எடுக்கும் அறைகளை மாவட்டத்துக்கு ஒன்று விட்டுவிட்டு மற்றதை மூடினார்கள். மிச்சமிருந்ததும் சிவப்புக்காரருக்கு மட்டும்தான்.

எதிர்வீட்டு ரொசாரியோ அண்ணாச்சி சிவப்புக்காரர். கழுத்துக்குழாயில் பாதிக்குமேல் அடைப்பு. வேலையில்லாமல் வீட்டோடு கிடப்பவர். கூட்டம் கலைந்த பிறகும் அவர் மட்டும் போகவில்லை, இஞ்ஞாசியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க ஐயாவுக்கும் இப்படித்தான் வாய் கோணிச்சு. அப்ப பலகையெல்லாம் கெடையாது. மூஞ்சியப் பாத்தே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாவ" என்றார். பிறகு வீட்டுக்குள் போய்த் தேங்காயெண்ணெய் எடுத்து வந்து, வளையம் மாட்டியிருந்த மணிக்கட்டில் தேய்க்க ஆரம்பித்தார்.

அவர் என்ன செய்யப் போகிறார் என்று புரிந்ததும் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணாச்சி, ஒரு சிவப்புக்கு ஆயுசுக்கும் ஒரு வண்டிதான். நாளைக்கு உங்களுக்கு வந்தா?"

"நாளைக்கு வந்தா நாளைக்குப் பாப்போம். இவனுக்கு இன்னைக்கு வந்திருக்கு. கையப் பிடி."

தோல் உரிந்து வளையம் வெளியே வந்தது. அதை இஞ்ஞாசியின் கையில் மாட்டி அழுத்தினோம். வண்டி வந்தது. வந்தவர்கள் வளையத்தைப் பார்த்தார்கள், "ரொசாரியோ, சரி" என்று தூக்கிக்கொண்டார்கள். படுத்திருந்தவர் யார் என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அது எங்களுக்கு வசதியாகத்தான் இருந்தது.

கட்டியை உருவிய டாக்டரம்மா வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இவர் சிவப்புக்காரர் இல்லன்னு எனக்குத் தெரியும், கழுத்துல அடைப்பே இல்ல. இது இதயத்துல உருவான கட்டி. சிலருக்கு இதயம் எப்பவாவதுதான் தாளம் தப்பும். காலையில ஒழுங்கா துடிச்சிருக்கும், பச்சை விழுந்திருக்கும். கட்டி கிளம்பி மூளைக்குப் போயிட்டா அப்புறம் கழுத்துல தேடி என்ன பிரயோசனம்?"

"அப்ப பச்சைக்காரருக்கும் வரும்னு உங்களுக்குத் தெரியும்."

"இங்க எல்லாருக்கும் தெரியும்மா. அப்படி எழுத எங்க கணினி விடாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "பலகைகிட்ட கொண்டு போகாம நேரா வந்திருந்தா கை முழுசா திரும்பியிருக்கும்" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருந்து வாயை மூடிக்கொண்டிருந்தார்களே என்று வயிறு எரிந்தது.

இஞ்ஞாசி பிழைத்தார். நடை வந்தது, பேச்சும் பாதி வந்தது. வலது கை இடுப்போடு ஒட்டிக்கொண்டது. வாய்க்கோணல் போகவில்லை.

அடுத்த மாதம் நிறத்துறையிலிருந்து பொன்னரசு என்று ஓர் இளம் அலுவலர் ரொசாரியோ அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். கையில் பூங்கொத்து. நானும் இஞ்ஞாசியும் அப்போது அங்கேதான் இருந்தோம். "வாழ்த்துகள் சார். அடைப்பை எடுத்தாச்சு. சட்டப்படி நீங்க இனிமே நிலைப்பச்சை. பலகையில கழுத்து காட்டவே வேண்டாம். திங்கட்கிழமையிலேருந்து வேலைக்குப் போகலாம்" என்று சொல்லிக்கொண்டே அலமாரியைத் திறந்து மாத்திரை டப்பாவை எடுத்தார். மாத்திரை சிவப்புக்காரருக்கு மட்டும்தானே.

உண்மையைச் சொன்னால் எங்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னால் முடியவில்லை.

"அவருக்கு ஒண்ணும் எடுக்கல. எடுத்தது என் புருசனுக்கு. அண்ணாச்சி கழுத்துல அடைப்பு அப்படியே இருக்கு. மாத்திரையை எடுத்தீங்கன்னா செத்துப் போவாரு."

பொன்னரசு தன் கைத்திரையைத் தடவிப் பார்த்தார். "உங்க கணவர் அன்னிக்குப் பச்சைம்மா. பச்சைக்கு வராது. நீங்க ஏதோ குழப்பத்துல இருக்கீங்க."

"வ... வந்துச்சு" என்றார் வாசலில் நின்ற இஞ்ஞாசி.

அந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரையிலேயே விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. எழுந்து போய் அவருடைய தாடையைப் பிடித்து இஞ்ஞாசியின் பக்கம் திருப்பினேன். "மூஞ்சியப் பாருய்யா! ஒரு தடவை மனுசன் மூஞ்சியப் பாரு!"

பார்த்தார். கோணிய வாயையும் மடங்கிக் கிடந்த கையையும் பார்த்தார். நான் கையை எடுத்தேன்.

"எங்கப்பாவுக்கு வாய் இப்படித்தான் இருக்கு" என்றார் மெதுவாக. "ஒரு மாசமா. பலகை பச்சைன்னுச்சு. வேலைக்குப் போகச் சோம்பல் பட்டு நடிக்கிறார்னு அவரைத் திட்டிக்கிட்டே இருந்தேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டு, மாத்திரை டப்பாவைத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். "சட்டம் இருக்கும்மா. நான் என்ன செய்ய முடியும்?"

அழுகிறவனிடம் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பையைப் பிடுங்கினேன். அவர் இழுத்தார், நானும் இழுத்தேன். இஞ்ஞாசி நல்ல கையால் அவர் தோளைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தார். டப்பாவை எடுத்து ரொசாரியோ அண்ணாச்சியின் மடியில் வைத்தேன்.

"எங்க முன்னாலயே ஒண்ணு முழுங்குங்க அண்ணாச்சி" என்றேன். "வழக்குப் போடட்டும். கோர்ட்டுக்கு என் புருசனைக் கூட்டிட்டுப் போய் நடுவுல நிறுத்துதேன். நீங்களும் உங்கப்பாவைக் கூட்டிட்டு வாங்க சார்."