இடது கீழ் மூலை

வெளிச்சம் எதுவும் வரவில்லை. ஆனாலும் கருப்பண்ணன் பொத்தானை அமுக்கினார்.

நாமக்கல்லில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் பின்பக்க இருட்டறை அது. கண் நீர் அழுத்த நோய்க்கான புதுச் சொட்டு மருந்து ஆய்வில் நோயாளிகளைக் கவனித்துக்கொள்வது யாழினியின் வேலை. வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரங்களில் வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். பரமத்தி வேலூர்க்காரரான கருப்பண்ணனுக்கு இடது கீழ் மூலையில் பார்வை போய் ஐந்து வருடம்.

"ஏனுங்கய்யா, வெளிச்சம் வராமயே அமுத்தறீங்க?"

"வெளிச்சத்துக்கு இல்லீங்க அம்மிணி. கீழ் மூலைல ஒரு பொம்பள உக்காந்திருக்குதுங்க. அது அசையறப்ப அமுத்தறேன்."

பார்வை போன இடத்தில் மூளையே எதையாவது வரைந்து காட்டும் என்று படித்திருந்தாள். 'நம்பகமற்ற சோதனை' என்று குறித்து அவரை அனுப்பிவைத்தாள்.

மத்தியானம் மோகனூரிலிருந்து அதே ஆய்வில் இருக்கும் சௌந்திரம் வந்தார். கருப்பண்ணனை அவருக்கு யாரென்றே தெரியாது. மருந்தை நிறுத்திவிடச் சொன்னார்.

"என்னம்மா பண்ணுது?"

"கீழ் மூலைல ஒரு பொம்பளைங்க. மொதல்ல முதுகக் காட்டி உக்காந்திருந்துச்சு. இப்பத் திரும்பிட்டே வருது."

யாழினி காலையில் எழுதிய குறிப்பைப் புரட்டினாள். விருப்பமில்லை என்றால் அந்த நிமிஷமே விட்டுவிட வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் ஏற்கெனவே நாலு பேர் காரணம் சொல்லாமல் ஆய்விலிருந்து விலகியிருந்தார்கள். அவளும் கேட்கவில்லை. இன்னொருவரும் போனால் ஒரு வருட உழைப்பு வீண்.

"இன்னிக்கு ஒரு தடவ மட்டும் பாத்துரலாங்கம்மா. நான் பக்கத்துலயே இருக்கறேன்."

சௌந்திரம் அவள் கையை ஒருமுறை பிடித்துவிட்டு, மோவாயை இயந்திரத்தின் தாங்கியில் வைத்தார்.

கதவு சாத்தியதும் வெளியே டோக்கன் கூப்பிடும் குரல் அமுங்கி, ஸ்பிரிட் வாடையும் சௌந்திரத்தின் தலையெண்ணெய் வாசமும் இயந்திரத்தின் மெல்லிய ரீங்காரமும் மட்டும் இருட்டில் மிஞ்ச, நோயாளியின் பார்வை விலகாமல் இருக்கிறதா என்று காட்டும் சின்னத் திரையில் அந்தம்மாவின் கண் பெரிதாகி, சாம்பல் பூத்து, அசையாமல் நின்றது.

டிக். சற்றுப் பொறுத்து, டிக்.

"முகம் பாதி தெரியுதுங்க," என்றார் சௌந்திரம். "நிறுத்திருங்க சாமி."

"முடியப் போகுதுங்கம்மா."

டிக். டிக். டிக்.

யாழினி திரையைப் பார்த்தாள். ஒரு வெளிச்சம்கூட வரவில்லை. இடைவெளியே இல்லாமல் டிக், டிக், டிக்.

பிறகு நின்றது.

"அம்மா?"

பொத்தான் தரையில் விழுந்து உருண்டது. யாழினி எழுந்து ஓடி, பக்கவாட்டில் சரிந்த அந்த உடம்பைத் தாங்கிப் பிடித்தாள். தலை அவள் தோளில் விழுந்தது. மூச்சு இருந்தது. கண்கள் இரண்டும் இறுக மூடியிருந்தன.

"யாராவது வாங்க," என்றாள். கதவு சாத்தியிருந்தது.

அறை சில்லிட்டிருந்தது. ஈர மண் வாடை. கிண்ணத்துக்குள்ளிருந்து வந்தது.

தலையைத் திருப்பினாள்.

தாங்கியில் யாருமில்லை.

திரையில் ஒரு கண் இருந்தது. சாம்பல் பூக்காத, கன்னங்கரேலென்ற கண். அது நடுப்புள்ளியைப் பார்க்கவில்லை. மெல்ல நகர்ந்து, அவள் நின்ற பக்கமாக வந்து நின்றது.

இமைத்தது.