நாக்குப் பெட்டிகள்

1677ஆம் ஆண்டு ஐப்பசியில், பழவேற்காட்டில் ஒரு ஒல்லாந்து வியாபாரியின் பீர் கிடங்கில், காலித் தொட்டியைக் கழுவ இறங்கிய நான்கு பேர் அந்தத் தொட்டிக்குள்ளேயே இறந்தார்கள். நால்வரும் ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். அடுத்த வருஷம் அதே வேலைக்கு நாகம்மாள் சேர்ந்தாள்.

வெயில் தாக்காமல் இருக்கக் கிடங்கைப் பாதி மண்ணுக்குள் இறக்கிக் கட்டியிருந்தார்கள். கதவைத் திறந்து படியில் கால் வைத்ததுமே புளித்த மாவும் பனைவெல்லமும் ஈரச் செங்கல்லும் கலந்த வாசனை முகத்தில் வந்து ஒட்டும். வெளியே உச்சி வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஒரு விளக்கின் வெளிச்சம்தான். நான்கு மரத் தொட்டிகள், ஒவ்வொன்றும் ஓர் ஆளைவிட உயரம், கடைசிச் சுவரிலிருந்து கதவு வரை ஒரே வரிசையில் நின்றன. ஒவ்வொரு மூடியிலும் உள்ளங்கை அகலத்தில் ஓர் ஈயப் பெட்டி பதித்திருந்தது. அதற்குள் இரண்டு தோல் நாக்குகள். பீர் பொங்கி உள்ளே காற்று முட்டினால் ஒரு நாக்கு தானாகவே எழும்பி, காற்றை வெளியே விட்டு, தானாகவே மூடிக்கொள்ளும். கீழே குழாயைத் திறந்து பீரை இறக்கும்போது மற்ற நாக்கு உள்பக்கம் திறந்து வெளிக்காற்றை விடும். இல்லையென்றால் தொட்டிக்குள் காற்றுக் குறைந்து பலகைகள் உள்வாங்கிவிடும். மனிதர் யாரும் மேலே ஏறி மூடியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. நால்வரும் செத்த பிறகு கப்பலில் வரவழைத்த பெட்டிகள் அவை.

மூடும்போது தோல் ஈயத்தில் அடித்து ஒரு சத்தம் வரும். பொங்குகிற தொட்டி அடிக்கடி அடிக்கும். அடங்கிய தொட்டி எப்போதாவது. மழை விட்டபின் கூரையிலிருந்து நீர் சொட்டுவதைப்போல முன்னும் பின்னுமாக விழுந்துகொண்டிருந்த அந்தச் சத்தத்தை நாகம்மாள் காதில் வாங்குவதையே விட்டிருந்தாள்.

ஒரு நாள் மதியம் அவை வரிசையாக அடித்தன.

கடைசிச் சுவரை ஒட்டிய தொட்டி முதலில். பிறகு அதற்கு அடுத்தது. பிறகு மூன்றாவது. பிறகு கதவுப்பக்கம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளி. நான்காவது அடித்ததும் எல்லாம் நின்றது. யாரோ பதிலுக்குக் காத்திருக்கும்போது உண்டாகும் நிசப்தம் அது. துடைப்பத்தைப் பிடித்தபடி நின்ற நாகம்மாளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் மற்றது உறைத்தது. மூன்றாவது தொட்டி காலி. அதன் மூடியைக் காலையிலேயே கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். சாய்ந்து கிடந்த மூடியில், எந்தக் காற்றும் முட்டாத பெட்டியில், நாக்கு அடித்திருந்தது.

அவள் படியேறி வெளியே வந்தாள். வியாபாரியின் காரியக்காரர் செங்கல்வராயன் பூவரச நிழலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"அய்யா, மூடி கழட்டி வெச்ச தொட்டிகூட சத்தம் போடுது."

"எலி ஓடியிருக்கும்."

"நாலும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா அடிக்குது."

"துரை ஊர்லேருந்து வந்த பொட்டி ஒழுங்காத்தான் அடிக்கும். உங்க குப்பத்து நாய் மாதிரி ஆளுக்கொரு பக்கமா கொரைக்குமா?"

நாகம்மாள் நகரவில்லை. "போன வருசம் அந்த நாலு பேரு எப்டி அய்யா செத்தாங்க?"

அவர் வெற்றிலையை மடித்தார். "அறிவு கெட்டுச் செத்தாங்க. தொட்டி அடியில கெட்ட காத்து நிக்குது. மொத ஆளு எறங்கினான், சத்தம் இல்லே. ஒடனே அடுத்தவன் எறங்கினான். அப்புறம் அதுக்கு அடுத்தவன். ஒருத்தனாச்சும் ஓடியாந்து என்கிட்ட சொன்னானா? அதனாலதான் இப்போ ஒத்தை ஆளு. உனக்கு இன்னா ஆனாலும் பின்னாடி எறங்க யாரும் கெடையாது. பயப்படாம வேலையப் பாரு."

ஆறுதலாகத்தான் சொன்னார்.

அவர்கள் ஏன் ஓடிவந்து சொல்லவில்லை என்பது நாகம்மாளுக்குத் தெரியும். அவள் ஊரான கோட்டைக்குப்பத்தில் இறால் பிடிக்கிறவர்கள் வரிசையாகத்தான் ஏரியில் இறங்குவார்கள். இரண்டு கையும் சேற்றைத் தடவிக்கொண்டிருக்கும்; பிடித்ததைப் போடும் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருப்பார்கள். வாய் திறந்து பேச முடியாது. மார்கழிப் பனியில் பக்கத்து ஆளின் தலைகூடத் தெரியாது. அதனால் ஆழத்துப் பக்கம் நிற்பவர் நாக்கை அண்ணத்தில் அடித்து 'டொக்' என்று ஒரு சத்தம் கொடுப்பார். அடுத்தவர் கொடுப்பார். அப்படியே கரைப்பக்கம் வரை. சத்தம் எந்த இடத்தில் அறுந்தாலும் பக்கத்து ஆள் யோசிக்கக் கூடாது. அந்த இடத்தில் உடனே மூழ்க வேண்டும். யாராவது கரைக்குப் போயிருந்தால், பக்கத்தில் நிற்பவர் அவருக்கும் சேர்த்து இன்னொரு முறை அடிப்பார். அவர் இடம் அவருக்கென்றே இருக்கிறது என்று அர்த்தம்.

நாகம்மாளின் வரிசையில் ஆழத்துப் பக்கம் சின்னதம்பி, அடுத்து அவன் மனைவி எல்லம்மா, பிறகு நாகம்மாள், கரைப்பக்கம் அவள் புருஷன் ரங்கன். எல்லம்மா ரங்கனுக்கு அக்கா. ரங்கனுக்கு வலிப்பு உண்டு. இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு முறை விழுந்திருக்கிறான். இரண்டு முறையும், அவன் சத்தம் வராமல்போன அந்த நொடியில் மூழ்கி நாகம்மாள்தான் தூக்கினாள். இந்தப் பனிக்காலத்தில் அவனைத் தண்ணீரில் இறங்க விடக் கூடாது என்றுதான் அவள் கிடங்கு வேலைக்கு வந்தது. கிடங்கில் அவளைக் கேட்டது ஒன்றுதான்: மூச்சடக்கத் தெரியுமா?

சாயங்காலம் எல்லம்மா பறியை உதறிக்கொண்டே மூக்கைப் பிடித்தாள். "இன்னாடி, தொரைக் கள்ளு நாத்தம் குப்பத்தையே தூக்குது. கழுவுறியா, குடிக்கிறியா?"

"ரெண்டும்தான்கா. ஒனக்கு ஒரு கலயம் எடுத்தாரட்டுமா?"

"ஏன், அந்த மனுசன் கம்முனு இருக்கிறது புடிக்கலியா?" என்று சின்னதம்பியைக் காட்டினாள்.

ரங்கன் சிரித்தான். "நான் வேணா அக்காகூட ஏரில எறங்கட்டுமாமே? ஊட்லயே குந்திக்கினு இருந்தா இறாலுக்கு என் மூஞ்சே மறந்துபூடும்."

"மறக்கட்டும். நீ ஊட்ல இரு, அது போதும்" என்றாள் நாகம்மாள்.

மறுநாள் மூன்றாவது தொட்டியின் அடிவண்டலை அள்ள வேண்டியிருந்தது. வழக்கம்போல முதலில் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். பாதிக்கு மேல் போனதும் சுடர் சிறுத்தது, நீலமானது, ஊதியதுபோல அணைந்தது. காற்று மோசம்தான். ஆனால் ஒரு மூச்சில் இறங்கி, ஒரு கூடை அள்ளி, ஏறிவிட அவளால் முடியும். இந்த வாரம் முழுக்க அப்படித்தான் செய்திருக்கிறாள். மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு, கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்து, ஏணியில் இறங்கினாள். அடியில் கண் இருந்தும் பயனில்லை. குனிந்து கைகளை விட்டாள். வண்டல் குளிர்ந்து, மெத்தென்று, விரல்களுக்கு நடுவே வழுக்கியது. ஏரியின் சேறு எப்படி வழுக்குமோ அதே மாதிரி.

முதல் தொட்டி அடித்தது. மரப்பலகை வழியாக முதுகில் கேட்டது.

இரண்டாவது அடித்தது.

அடுத்து மூன்றாவது. அதன் மூடி வெளியே சுவரில் சாய்ந்திருந்தது. சத்தம் அங்கிருந்து வரவில்லை. தொட்டிக்கு உள்ளே, அவள் காதோரம் வந்தது.

நான்காவது.

பிறகு காத்திருப்பு.

இருட்டு. கை சேற்றில். கயிறு பல்லில். நெஞ்சில் அடக்கிய மூச்சு. அவள் புத்திக்கு அது கிடங்கு என்று தெரியும், உடம்புக்குத் தெரியவில்லை. நாக்கு தானாக எழும்பி அண்ணத்தில் அடித்தது. டொக். ரங்கன் பக்கத்தில் இல்லை. பழக்கத்தில் அவன் இடத்துக்கும் சேர்த்து இன்னொன்று. டொக்.

அடித்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது: செத்த நால்வரின் வரிசையில் ஐந்தாவதாகத் தன்னையும் ஆறாவதாக ரங்கனையும் சேர்த்துவிட்டாள்.

அதன்பின் ஒரு நாக்கும் அடிக்கவில்லை. பொங்கிக்கொண்டிருந்த முதல் தொட்டிகூட. கூடையை விட்டுவிட்டு ஏணியில் ஏறினாள். கிடங்கின் படிகளிலும் ஓடி ஏறினாள். வெளியே வெயிலில் விழுந்து மூச்சு வாங்கியபோது செங்கல்வராயன் வந்து, "இன்னா, எலி கடிச்சிடுச்சா?" என்றார். அவள் எழுந்து குப்பத்தை நோக்கி நடந்தாள்.

அன்று இரவே முதல் தொட்டி வெடித்துச் சிதறியது. நாக்கு திறக்காமல் காற்று உள்ளேயே நின்றுவிட்டது என்றார்கள். வியாபாரி கிடங்கைப் பூட்டிவிட்டான்.

வேலை போயிற்று. வீட்டில் அரிசி இல்லை. பனிக்காலத்தில் ஏரியில்தான் இறால். ரங்கன் பறியை எடுத்துத் துடைத்து வைத்தபோது நாகம்மாளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. கிடங்கில் நடந்ததை மட்டும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"பயத்துல அடிச்சிருக்கே. அதுக்கு இன்னா இப்போ?"

"ஒன் எடத்தையும் சேத்து அடிச்சிட்டேன்யா." அவன் தலையைப் பிடித்து இழுத்து, காதில் உதடு படும்படி சொன்னாள். "நாளைக்கு நீ ஒரு தபா அடிக்காதே. ரெண்டு தபா அடி. அப்பத்தான் நீன்னு எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லாதே."

"எனக்கு மட்டும் ரெண்டா? நான் இன்னா பாளையக்காரனா?"

"அடிப்பியா, மாட்டியா?"

"அடிக்கிறேன்மே."

விடியும்போது இறங்கினார்கள். பனி தண்ணீரோடு ஒட்டிக் கிடந்தது. நீட்டிய கையின் விரல்கள் தெரியவில்லை. செத்த சிப்பியும் பாசியும் உப்பும் கலந்த ஏரியின் வாடை, தூரத்தில் முகத்துவாரத்தில் அலை உடையும் இரைச்சல், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவள் இடதுபக்கம் ரங்கன் சேற்றில் கால் இழுத்து நடக்கும் சலசலப்பு கேட்டது. பனிக்குள் சின்னதம்பி அடித்தான். எல்லம்மா அடித்தாள். நாகம்மாள் அடித்தாள். இடதுபக்கம் 'டொக், டொக்'.

அவன்தான். கைகள் சேற்றில் வேலையைத் தொடங்கின. இறால் நிறைய இருந்தது. குழியில் பதுங்கியவற்றைத் தலையோடு அழுத்திப் பிடித்துப் பறியில் போட்டாள். மறுபடி வரிசை வந்தது. மறுபடி 'டொக், டொக்'. அவன் குளிரில் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் அடிப்பான். அதற்காக எல்லம்மா கரையில் அவனைத் திட்டுவாள். இன்று ஒரு முறையும் தாமதமில்லை. நல்லதுதான் என்று நினைத்தாள்.

பறி கனத்தது. பனி வெளுத்தது. வரிசை வந்தது, போனது, வந்தது. ஒவ்வொரு முறையும் அவனுடைய இரண்டும் வந்தன.

சலசலப்பு இல்லை.

எப்போதிலிருந்து இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. இடதுபக்கத் தண்ணீர் அசையவே இல்லை. அவள் கிளப்பும் சிற்றலை அந்தப் பக்கம் போகிறது. அங்கிருந்து எதுவும் வரவில்லை.

சின்னதம்பி. எல்லம்மா. அவள் அடிக்கவில்லை. பல்லை இறுக்கிக்கொண்டாள்.

'டொக், டொக்.'

பக்கத்தில். கை எட்டும் தூரத்தில்.

கையை நீட்டினாள். பனி. இன்னும் நீட்டினாள். தண்ணீர். அவன் தோள் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் மட்டும்.

'டொக், டொக்.' இப்போது காதோரம்.

காலை நகர்த்தினாள். பாதத்தில் மெத்தென்று ஏதோ பட்டது. பறி என்று நினைத்தாள். பறியில் மயிர் இருக்காது.

அவள் மூழ்கினாள்.

சின்னதம்பியும் எல்லம்மாவும் ஓடிவந்து சேர்ந்து இழுத்தார்கள். கரை மணலில் மல்லாக்கக் கிடத்தினார்கள். ரங்கனின் முழங்கைகள் மடங்கியபடியே நின்றன. வாயில் பறியின் கயிறு இருந்தது. சின்னதம்பி அதை எடுக்கப் பார்த்தான். தாடை விறைத்துப் போயிருந்தது.

"எறங்கின கொஞ்ச நேரத்துலயே போயிருக்கான்" என்றான்.

"இன்னா ஒளர்றே?" எல்லம்மா அவனைப் பிடித்துத் தள்ளினாள். "இப்பத்தானே அடிச்சான். நான் கேட்டேன். ரெண்டு ரெண்டா அடிச்சானே, இப்பத்தானே!"

சின்னதம்பி கயிற்றிலிருந்து கையை எடுத்தான். அவனும் கேட்டிருந்தான்.

நாகம்மாள் ரங்கனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் கரைவரை வந்துவிட்டது. தண்ணீர்மேல் மட்டும் பனி கலையாமல் நின்றது. வரிசையில் இறங்கிய எல்லோரும் கரையில் இருந்தார்கள். வேறு யாரும் அன்று அந்தப் பக்கம் இறங்கவில்லை.

பனிக்குள், ஆழத்துப் பக்கம், ஒரு 'டொக்'.

சின்னதம்பி எழுந்து நின்றான்.

அடுத்தது கொஞ்சம் கிட்டே. அதற்கு அடுத்தது இன்னும் கிட்டே. நான்காவது.

பிறகு இடைவெளி.

அது நீண்டது. எல்லம்மா தம்பி பெண்டாட்டியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். நாகம்மாளின் கண்கள் நிலைத்திருந்தன. வாய் மெல்லத் திறந்தது. நாக்கு மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

"வேணாம்டி," என்று கத்திக்கொண்டே எல்லம்மா பாய்ந்து, உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தி, தலையைத் தன் மார்போடு அழுத்திக்கொண்டாள். கைக்கு அடியில் நாகம்மாளின் தாடை ஒரு முறை துடித்து நின்றது. சத்தம் எதுவும் வெளியே வரவில்லை.

ஐந்தாவது சத்தம் ஏரியிலிருந்து வந்தது. நாகம்மாள் கரையில் இருந்தாள். அவள் வாயின் மேல் எல்லம்மாவின் கை இருந்தது.