பலாக்குழிக்கு வந்த மூன்றாவது ஆள்

இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. அறப்பளீஸ்வரர் சன்னதியில் நிறுத்திக் கேட்டாலும் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யலாம். ஒன்றே ஒன்று பொய்யென்று வந்தாலும், சில்வர் ஓக் மரத்தில் ஏறி நிற்கிற மிளகுக்கொடி அத்தனையும் இந்த வருடம் காய்க்காமல் கருகிப் போகட்டும்.

தாமரைச்செல்வி முதலில் கவனித்தது விளக்கைத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாமைச் சோற்றைத் தின்றுவிட்டு ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தவள், மேசைமேல் இருந்த ரௌட்டர் டப்பாவைப் பார்த்தாள். அதன் முதுகில் நான்கு துளைகள். ஒன்றில்தான் கம்பி செருகியிருந்தது. அவளுடைய கம்ப்யூட்டருக்குப் போகிற கம்பி. ஒரு கம்பிக்கு ஒரு விளக்கு எரிய வேண்டும். இரண்டு எரிந்தன. காலித் துளைக்கு உரிய பச்சைப் புள்ளி, மேடேறி வந்த ஆளின் நெஞ்சு மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். பனி இறங்கிவிட்டால் மலையில் உப்பு டப்பாவுக்கே வேர்க்கும்.

அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க அன்றைக்கு நேரமில்லை. அன்றைக்கு அவளுடைய வீடு பந்தயத்தில் இருந்தது.

அவளுடைய அண்ணன் பொங்கியண்ணன் மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் டயர்க்கடை வைத்திருக்கிறார். தங்கை கல்யாணமும் வேண்டாம், கீழ்நாடும் வேண்டாம் என்று மலைமேல் பலாக்குழி ஊரின் கடைசி வீட்டில் மிளகையும் மரவள்ளியையும் கட்டிக்கொண்டு தனியாகக் கிடப்பது அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம், படிக்கிற காலத்தில் பிரவுசிங் சென்டரில் பழகிய ஒரு பழைய விளையாட்டு. கோட்டை கட்டி, டாங்கி விட்டு, எதிராளியின் கோட்டையை இடிக்க வேண்டும். இப்போதும் அவர் கீழேயிருந்தும் அவள் மேலேயிருந்தும் விளையாடப் பார்ப்பார்கள். பாதி ஆட்டத்தில் லைன் அறுந்துவிடும்.

போன வாரம் அறுந்தபோது அவர் சொல்லிவிட்டார்: "ஒரு ஆட்டத்துக்கே லைன் நிக்க மாட்டேங்குது. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா யாரைக் கூப்புடுவ? வர்ற ஞாயித்துக்கெழமை உன்ற கம்ப்யூட்டர்ல ஆட்டம் நடக்கட்டும். நடுவுல அறுந்துச்சுன்னா திங்கக்கெழமை லாரி வரும், சாமானை ஏத்திட்டுக் கீழ வந்தரோணும். அறுகலைன்னா இனி அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"லாரிக்காரரை இப்பவே வேற சோலி பாக்கச் சொல்லுங்கண்ணா," என்றாள் தாமரைச்செல்வி.

சொல்லிவிட்டு, வாசலூர்பட்டியில் கேபிள் வேலை பார்க்கிற மாதேஸ்வரனுக்குப் போன் போட்டாள். அவன் பொறுமையாகச் சொன்னான்.

"ஏனுங்கக்கா, அந்தப் பழைய கேமுக்கு ஒரே ஊட்டுக்குள்ள இருக்கற கம்ப்யூட்டரைத்தானுங்க கண்ணு தெரியும். அதனால உங்க ஊட்டையும் அண்ணன் ஊட்டையும் ஒரே ஊடுன்னு அதை ஏமாத்தோணும். அதுக்குத்தான் முந்தியே ஒரு சாப்ட்வேர் போட்டுக் குடுத்தேன். இப்ப ரௌட்டர்ல போர்ட்டுன்னு கதவுக நெறையா இருக்குதுங்க, ஒண்ணே ஒண்ணை மட்டும் தொறந்து வுடுங்க. கதவு நம்பர் அனுப்பறேன்."

"மத்த கதவெல்லாம் என்ன பண்ணுச்சு தம்பி?"

"சாத்தியே கெடக்கட்டுங்க. தொறந்து வுட்டா கண்டதும் உள்ள வந்துரும்."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. பலாக்குழியில் பகலில் கதவைச் சாத்துவது சாவு வீட்டில் மட்டும்தான். பூட்டு என்கிற சாமானே அந்த ஊர் வளவில் எந்த வீட்டிலும் கிடையாது. வாசலில் நிழல் விழுந்தால் முதலில் 'வாங்க' என்று சொல்லிவிட வேண்டும். யார் என்பதெல்லாம் தண்ணீர் கொடுத்த பிறகு. இருந்தாலும் மாதேஸ்வரன் சொன்னபடி ஒரு கதவை மட்டும் திறந்து பார்த்தாள். சோதனை ஆட்டம் அறுந்தது. மறுபடி போட்டாள். மறுபடி அறுந்தது. அப்புறம் ரௌட்டருக்குள் தேடிப்பிடித்து, வெளியிலிருந்து எது வந்தாலும் தடுக்காமல் உள்ளே விடு என்கிற கட்டத்தில் ஒரு டிக் அடித்தாள். லைன் பாறை மாதிரி நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கெல்லாம் பனி பலாமரத்தை விழுங்கிவிட்டு வாசல்வரை வந்திருந்தது. வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடந்தது. ஈரக் காற்று உள்ளே வந்து, சுவரோரம் அடுக்கியிருந்த மரவள்ளிக்கிழங்கின் மண்வாசத்தைக் கிளப்பிவிட்டு, மூலைக்கு மூலை முகர்ந்து பார்த்துவிட்டு, அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டது. ஸ்பீக்கரில் போட்ட செல்போனில் அண்ணன் குரல் வந்தது.

"கண்ணு, நான் உள்ள வந்துட்டேன். மூணாவதா யாரு?"

திரையில் ஆட்டக்காரர்களின் வரிசை இருந்தது. மேலே அவள் பேர், அடுத்து அண்ணன் பேர். மூன்றாவது இடத்தில் பேரில்லாமல் ஒருவர் நின்றார்.

"உங்க பையன்னு நெனச்சேனுங்க."

"அவன் அவங்கம்மாகூடச் சந்தைக்குப் போயிட்டான். யாருன்னு கேக்காமயா எடங்கொடுத்த?"

"வந்தவங்களை யாருன்னா கேப்பாங்க?"

"சும்மா நடிக்காத. தோத்துப்போவம்னு தொணைக்கு ஆள் புடிச்சிருக்கற. வெச்சுக்கோ. ரெண்டு பேரையுஞ் சேத்து இடிக்கறேன்."

ஆட்டம் தொடங்கியது. மூன்றாவது ஆள் கோட்டை கட்டவில்லை, டாங்கி விடவில்லை. சும்மா இருந்தார். ஆனால் அவருடைய எண் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் ஓர் எண் ஓடும். அந்த ஆள் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார் என்பதற்கு அதுதான் கணக்கு. எண் பெரிதானால் தூரம், சிறிதானால் கிட்டம். சேந்தமங்கலத்து அண்ணனுக்கு நூற்றுச்சொச்சம். ஆட்டம் நடக்கிற கம்ப்யூட்டர் அவளுடையது என்பதால் அவளுக்கு எப்போதும் பூஜ்யம். பேரில்லாதவர் ஐந்நூறில் தொடங்கினார். அவள் சுற்றுச்சுவர் எழுப்பி முடிப்பதற்குள் முந்நூறுக்கு வந்திருந்தார்.

எங்கேயோ கீழ்வளவில் ஒரு நாய் குரைக்கத் தொடங்கி, தொண்டையைப் பிடித்தமாதிரி நிறுத்திக்கொண்டது.

நூற்றைம்பது. நூறு. தொண்ணூறு. அண்ணனைத் தாண்டிவிட்டார். அண்ணனைவிடக் கிட்டம் என்றால் அடிவாரத்துக்கு இந்தப் பக்கம். மலைமேல்.

அவள் பார்வை ரௌட்டர் கம்பிக்குப் போனது. ஒரு இழுப்பு. அவ்வளவுதான் வேலை.

"என்ன, டாங்கி கோணக்கோண ஓடுது," என்றார் அண்ணன். "பயமா இருந்தா வயரைப் புடுங்கிரு. லாரி ரெடியாத்தான் நிக்குது."

"லாரியில உங்க டயரையே ஏத்திக்கோங்க," என்று சொல்லிவிட்டு அவருடைய வடக்குச் சுவரை இடித்தாள்.

நாற்பது.

வெளியே பலாச்சருகு மிதிபட்டது. ஈரச் சருகு சத்தம் போடாது. இது போட்டது. மாடாக இருந்தால் நான்கு காலுக்கும் சேர்த்துக் கேட்கும். இது ஒரு காலை வைத்து, நெடுநேரம் யோசித்து, அடுத்ததை வைத்தது. கூடவே ஒரு வாசம். அடுப்புப் புகை, காயவைத்த மிளகு, தலைக்கெண்ணெய். பயப்படும்படியான வாசம் எதுவும் அதில் இல்லை. எல்லாம் தெரிந்த வாசம்தான். அவளுடைய வாசம். அது வாசலுக்கு வெளியிலிருந்து வந்தது.

பதினெட்டு.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் டாங்கியை விட்டுவிட வேண்டும். விட்டால் ஆட்டம் போகும். 'என் ஊட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு நான் எதுக்குத் திரும்போணும்?' என்று பல்லைக் கடித்தாள்.

மூன்று.

திரையில் வெளிச்சம் மங்கியது. வாசலில் நிழல் விழுந்திருந்தது.

"வாங்க," என்றது அவள் வாய்.

அவள் சொல்ல நினைக்கவில்லை. பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய வாய். சொல்லிவிட்டது.

பூஜ்யம்.

தரையில் ஈரக்கால் ஒட்டிப் பிரிகிற சத்தம். ஒன்று. இன்னொன்று. நாற்காலி கிரீச்சிட்டது. அவள் அசையவே இல்லை. அதே நாற்காலியில், அவள் பக்கத்தில் ஒரு கனம் வந்து அமர்ந்தது.

திரையில் பூஜ்யத்தில் இரண்டு பேர். அவளுடைய எண் மெல்ல நகர்ந்தது. ஐந்து. பதினைந்து. முப்பது. அறை பின்வாங்கியது. செல்போன், மேசை, தன் சொந்த முழங்கை, எல்லாம் பனிக்கு அந்தப் பக்கம் தெரிந்தன. நாற்பது. அவள் தூரம் போய்க்கொண்டிருந்தாள்.

"போக மாட்டேன்."

கால்களைத் தரையில் ஊன்றினாள். மௌஸை இறுக்கினாள். எல்லா டாங்கியையும் ஒன்றாகத் திரட்டி அண்ணன் கோட்டை வாசலில் மோதவிட்டாள். முப்பது. மறுபடி மோதினாள். பத்து. சுவர் உடைந்தது. இரண்டு. உள்ளே புகுந்தாள்.

பூஜ்யம்.

"அடப் போச்சு என்ற கோட்டை!" அண்ணன் சிரித்தார். "லைன் ஒருக்காகூட அறுகலை. கெலிச்சுட்ட கண்ணு. ஊடு உன்னுதுதான். லாரியை வேண்டாம்னு சொல்லிர்றேன்."

"சரிங்கண்ணா," என்று இரண்டு வாய்கள் சொன்னன. குரல் ஒன்றுதான்.

"லைன் நல்லாத்தான் இருக்குது. எதிரொலிதான் அடிக்குது," என்று அண்ணன் போனை வைத்தார்.

அவள் குனிந்து பார்த்தாள். மௌஸுக்கும் அவள் உள்ளங்கைக்கும் நடுவில் இன்னொரு வலது கை. கதகதப்பாக. கிழங்கு சீவும்போது அவள் கட்டைவிரலில் வாங்கிய வெட்டுத் தழும்பு அதிலும் இருந்தது. அவள் அமுக்கினாள். அது நிமிர்ந்து தள்ளியது. யார் முதலில் எழுகிறாளோ அவள் வீட்டை விட்டுப் போக வேண்டியதுதான். யாரும் சொல்லாமலே இருவருக்கும் அது தெரிந்திருந்தது.

"ஊடு என்னுது," என்றாள்.

"ஊடு என்னுது," என்றது காதோரத்தில்.

ஒரு நாற்காலி. தரையில் ஊன்றிய நான்கு பாதங்கள். ஒரு மௌஸின் மேல் இரண்டு வலது கைகள், நரம்பு புடைக்க. இரண்டில் எதுவும் விலகவில்லை.

இதுவும் சூடம் அடித்த சத்தியம்தான்: பலாக்குழிக்கு இன்டர்நெட் கம்பி இன்னும் வந்து சேரவில்லை.